ஓய்வறியாத மிதிவண்டி

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்

நம் கல்லூரியின் சைக்கிள் நிறுத்தத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பெயர்ப்பலகையில்தான் சைக்கிள் இருக்கிறது, கூரையின் கீழ் நிற்பவை அனைத்தும் மோட்டார் வண்டிகள். 1956 முதல் என்பீல்டு மோட்டார் சைக்கிள்கள் உருவான திருவொற்றியூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்த ஆசை இருப்பதில் வியப்பில்லை. அவற்றின் நடுவே இக்கல்வியாண்டின் தொடக்கத்தில் சில வாரங்கள் ஒரு பழைய கறுப்பு ஹெர்குலிஸ் நின்றிருந்தது. செயின் கவர் இல்லை, மட்கார்டு இல்லை, பின் பிரேக்கும் இல்லை. "ஆக்கர் கடைக்குப் போகிற வண்டியா?" என்று கேட்ட நண்பர்களும் உண்டு. அது என் தந்தையாரின் வண்டி. அதை அந்தக் கோலத்துக்கு ஆளாக்கியவன் நான்.

'பிக்சட் கியர்' என்று ஒரு வகைச் சைக்கிள் இருக்கிறது. நியூயார்க் நகரில் கடிதக் கட்டுகளைச் சுமந்து செல்லும் இளைஞர்கள் அதில் பறப்பதைக் கைப்பேசியில் கண்டு நானும் மயங்கினேன். அதன் சூட்சுமம் எளிது. நாம் ஓட்டும் சைக்கிளின் பின் சக்கரத்தில் ப்ரீவீல் என்னும் பல்சக்கரம் உண்டு. அதனுள் ஸ்பிரிங்கின் மேல் சாய்ந்து கிடக்கும் சிறு நாக்குகள், முன்னே மிதிக்கும்போது பல்லைப் பற்றும்; மிதிப்பதை நிறுத்தினால் 'டிக் டிக்' என்று பல்மேல் வழுக்கும். ஆகவே கால் நின்றாலும் சக்கரம் ஓடுகிறது. ப்ரீவீலைக் கழற்றிவிட்டு வெறும் பல்சக்கரத்தை இறுக்கிவிட்டால் அதுதான் பிக்சட் கியர். சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். பெடல் சுற்றும்வரை காலும் சுற்றியாக வேண்டும். குழந்தைகளின் மூன்று சக்கர வண்டி இந்த வகைதான். சர்க்கஸில் பின்னோக்கி ஓட்டிக் காட்டுகிறார்களே, அதுவும் இதுதான். 1885இல் இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பவர் 'ரோவர்' சைக்கிளைக் கொண்டுவந்தபோது அதிலும் ப்ரீவீல் கிடையாது. அக்காலத்து வண்டிகளில் இறக்கம் வந்தால், சுழலும் பெடலிலிருந்து காலை எடுத்து முன் போர்க்கில் வைத்துக்கொள்ளத் தாங்கிகள் இருந்தனவாம். மனிதன் ஓய்வுக்காக எவ்வளவு சிரமப்பட்டிருக்கிறான் பாருங்கள்!

இனி, என் கதை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தையார் ராயபுரத்திலிருந்து எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்கூடம் ஒன்றுக்கு இருபத்தாறு ஆண்டுகளாகச் சைக்கிளில் போய் வருபவர். அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ் அது. செகண்ட் ஹாண்டாக வாங்கியது. கடந்த கோடையில் அவருக்கு முழங்கால் வீங்கி, இரண்டு மாதம் வீட்டிலேயே இருக்க நேர்ந்தது. வண்டி சந்தில் சாய்ந்து கிடந்தது. 'இனி நைனா ஓட்டப்போவதில்லை' என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். அவரைக் கேட்கவில்லை.

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்களுக்குப் பழக்கமான பாய் ஒருவரின் சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். உண்மையில் நம் பழைய ரோட்ஸ்டர் வண்டி இந்த மாற்றத்துக்கு மிகவும் ஏற்றது. பின் அச்சு உட்காரும் வெட்டு கிடைமட்டமாக இருப்பதால் சக்கரத்தை முன்னும் பின்னும் நகர்த்திச் செயினை விறைப்பாக்கலாம். கியர்களை மாற்றித் தரும் உறுப்பு ஏதும் இல்லாததால் கழற்ற வேண்டியதும் குறைவு. பாய் ப்ரீவீலைப் பிரித்தபோது, உள்ளேயிருந்த குண்டுமணி போன்ற பால்ஸ்கள் செய்தித்தாளின்மேல் உருண்டோடின. பல்லும் நாக்கும் சேர்ந்து ஒருவழிச் சுழற்சியைத் தரும் அமைப்பைப் பாடப்புத்தகத்தில் படமாகத்தான் பார்த்திருக்கிறேன். அன்று உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். ஒரு பழைய ப்ரீவீலின் விலை நம் ஆய்வுக்கூடத்துக்குப் பெரிதல்ல என்பதை ஆசிரியப் பெருமக்களிடம் பணிவுடன் தெரிவிக்கிறேன்.

சிக்கல் பல்சக்கரத்தில்தான் இருந்தது. ப்ரீவீல் ஏறும் மரையில் பிக்சட் பல்சக்கரமும் ஏறிக்கொள்ளும். ஆனால், முன்னே மிதிக்கையில் இறுகும் மரை, காலால் பின்னோக்கி அழுத்தினால் கழலும். இதற்கென்றே செய்த ஹப்பில், எதிர்த்திசையில் மரையிட்ட பூட்டு வளையம் ஒன்று பல்சக்கரத்தைக் கழல விடாமல் காக்கும். நம் பழைய ஹப்பில் அதற்கு இடமில்லை. புது ஹப் போடலாமென்றால், நம் ரோட்ஸ்டரின் பின் ரிம்முக்கு 40 கம்பி; எனக்குக் கிடைத்த ஹப்புக்கோ 36 துளை. ரிம்மும் மாற்ற வேண்டும். அதற்குக் காசில்லை. "தம்பி, இது நிக்காது. பெடல நம்பாத. முன் பிரேக்க நான் கழட்ட மாட்டேன், ஆமா" என்றார் பாய். அவருடைய பிடிவாதத்துக்கு இன்றுவரை நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முதல் சில நாட்கள் இன்பமாகவே இருந்தன என்பதை மறைக்க விரும்பவில்லை. விடியலில், லாரிகள் குறைந்த நேரத்தில், காசிமேட்டைத் தாண்டிக் கடலோரமாகப் போகும்போது சாலையின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் உள்ளங்காலில் வந்து பேசும். சைக்கிள் வேறு, நான் வேறு என்று தோன்றாது. சத்தமே இராது.

பிறகு ஒரு ஞாயிறன்று மணலியில் அத்தை வீட்டுக்குப் புறப்பட்டேன். பக்கிங்காம் கால்வாயின் மேலுள்ள பாலத்தில் ஏறி இறங்கியபோது, பழக்க தோஷத்தில் மிதிப்பதை நிறுத்தினேன். பெடல் என் காலைத் தூக்கி எறிந்தது. இங்கே கொஞ்சம் கணக்கு. முன்சக்கரப் பல் 44, பின்பல் 18; பெடல் ஒரு முறை சுற்றினால் பின் சக்கரம் 2.44 முறை சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.2 மீட்டர். ஆக, ஒரு மிதிக்கு 5.4 மீட்டர். மணிக்கு 20 கிலோமீட்டரில் போனால் நிமிடத்துக்கு 62 சுற்று, அது சுகம். இறக்கத்தில் 35ஐத் தொட்டால் 108 சுற்று. அந்த வேகத்தில் கால் பெடலைச் சுற்றுவதில்லை. பெடல்தான் காலைச் சுற்றுகிறது. பயத்தில் முழு பலத்தோடு பின்னோக்கி அழுத்தினேன். பாய் சொன்னது நடந்தது. பல்சக்கரம் மரையிலிருந்து கழன்று, பெடல் வெறுமையில் சுழன்றது. எதிரே கன்டெய்னர் டிரெய்லர் ஒன்று நின்றுகொண்டிருந்தது. முன் பிரேக்கைப் பிடித்தேன். அதன் பின்புற இரும்புக்கும் என் முன் சக்கரத்துக்கும் ஒரு சாண் இடைவெளி இருந்தது.

வீட்டில் சொல்லவில்லை. பல்சக்கரத்தை மீண்டும் இறுக்கிக்கொண்டு கல்லூரிக்கு வந்துபோனேன். சொல்லியிருக்க வேண்டும், ஏனெனில் அடுத்த வாரம் கால் சரியாயிற்று என்று நைனா விடியற்காலையில் எனக்கும் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். அரை மணி நேரத்தில் தள்ளிக்கொண்டே திரும்பி வந்தார். கைலியின் ஓரம் செயினில் சிக்கிக் கிழிந்திருந்தது. ப்ரீவீல் வண்டியில் துணி மாட்டினால் காலை நிறுத்திவிட்டால் போதும். இதில் வண்டி நிற்கும்வரை செயின் துணியை இழுத்துக்கொண்டே இருக்கும். செயின் கவரை நான்தான் கழற்றிப் போட்டிருந்தேன்.

அவர் அடிக்கவில்லை, கத்தவுமில்லை. திண்ணையில் உட்கார்ந்து முழங்காலைத் தடவியபடியே சொன்னார்: "எண்ணூர் போற வழியில மெதிக்காம போற எடம் நாலு இருக்குடா. அந்த நாலு எடத்துலதான் நான் மூச்சு வுடுவேன். அத்தப் போய் புடுங்கி வச்சிருக்கியே."

இதைக் கேட்டபின் நான் போட்ட கணக்கு வேறு. போக வர ஏறத்தாழ 24 கிலோமீட்டர். ஒரு மிதிக்கு 5.4 மீட்டர் என்றால் நாளொன்றுக்கு 4,400க்கு மேற்பட்ட சுற்றுகள். ஆண்டுக்கு 300 நாள் என்று வைத்தாலும் 13 லட்சம். மாலையில் கடற்காற்று வேறு எதிர்க்கும். அந்த 13 லட்சத்தில் ப்ரீவீல் தள்ளுபடி செய்து தந்ததுதான் அவருடைய ஓய்வு. அதைக் கழற்றி எறிவது எனக்கு விளையாட்டாகத் தோன்றியதற்குக் காரணம், நான் எங்கும் நேரத்துக்குப் போய்க் கைரேகை வைக்க வேண்டியவன் அல்லன் என்பதே.

பிக்சட் கியரில் ஆற்றல் மிச்சமாகிறது, சக்கரமே காலைத் தூக்கிவிடுகிறது என்று சிலர் வாதிடுவார்கள். நானும் வாதிட்டிருக்கிறேன். சக்கரம் காலைத் தூக்கும் ஆற்றல் எங்கிருந்து வருகிறது? நாம் மிதித்துச் சேர்த்த இயக்க ஆற்றலிலிருந்துதான். ஒரு பையில் எடுத்து மறுபையில் போட்டால் வரவாகாது.

பிரேக்கே வேண்டாம் என்போர் இன்னும் ஒருபடி மேலே போகிறார்கள். பந்தயத் தடத்தில் ஓடும் சைக்கிள்களுக்குப் பிரேக் கிடையாது என்பது உண்மை. 1948 முதல் ஜப்பானில் நடந்துவரும் கெய்ரின் பந்தயத்திலும் அப்படியே. நம் துறைமுகத்திலிருந்து கப்பல் போகும் அந்தமான் நிக்கோபாரைச் சேர்ந்த ஈசோ ஆல்பன், 2018இல் உலக இளையோர் போட்டியில் கெய்ரினில் வெள்ளி வென்றதும் அத்தகைய வண்டியில்தான். ஆனால் அங்கே ஏன் பிரேக் இல்லை? ஒருவர் திடீரென்று பிடித்தால் பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் அவர்மேல் விழுவார்கள் என்பதால். எல்லோரும் ஒரே திசையில், எல்லோரும் பிரேக் இன்றி. எண்ணூர் விரைவுச் சாலையில் அந்த ஒப்பந்தத்தில் ஷேர் ஆட்டோவும் கையெழுத்திடவில்லை, மீன்பாடி வண்டியும் கையெழுத்திடவில்லை. தவிர, நிறுத்தும்போது பாரம் முன் சக்கரத்துக்குச் சாய்கிறது. பின் சக்கரத்தின் பிடி குறைகிறது. காலால் பின் சக்கரத்தை மட்டும் அடக்கி நிற்க முயல்வது பாதிப் பிரேக்கே.

அதற்காக யாரும் இதைச் செய்யவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. மாடிப்படியின் கீழ் துருப்பிடித்துக் கிடக்கும் சைக்கிள்கள், பதினோராம் வகுப்பில் அரசு தந்தவை உட்பட, நம்மில் பலர் வீட்டில் உண்டு. அவற்றைப் பிரித்துப் பாருங்கள்; மாற்றியும் பாருங்கள். பூட்டு வளையமுள்ள சரியான ஹப்பை வாங்கக் காசு சேரும்வரை காத்திருங்கள். முன் பிரேக்கையும் செயின் கவரையும் விட்டுவையுங்கள். முக்கியமாக, அந்த வண்டியை வேறு எவரேனும் வேலைக்கு எடுத்துப் போகிறாரா என்று முதலில் கேளுங்கள். நான் கேட்கத் தவறியது அது ஒன்றுதான்.

பாயிடம் மீண்டும் போனேன். காலிடப்பா ஒன்றில் அந்தப் பழைய ப்ரீவீலை எண்ணெயில் ஊறப்போட்டு வைத்திருந்தார். "வருவேன்னு தெரியும் தம்பி" என்றார். வண்டியை முழுவதுமாக ஓவராயில் செய்து, பின் பிரேக், மட்கார்டு, செயின் கவர் எல்லாம் மாட்டிக் கொடுத்தார். பிக்சட் பல்சக்கரம் இப்போது என் மேசையில், காற்றில் தாள்கள் பறக்காமலிருக்க உதவுகிறது.

எங்கள் சந்தில் திரும்பும்போது நைனா மிதிப்பதை நிறுத்திவிடுவார். அந்த 'டிக் டிக்' சத்தம் கேட்டதும் அம்மா அடுப்பில் தேநீர் வைப்பார். அந்தப் பழக்கம் மீண்டும் தொடங்கியிருக்கிறது.