பசுமைத் துணியும் பாமர மக்களும்

சமீப காலமாக ஜவுளி உலகில் ஒரு புதுப் பேச்சு பலமாய்க் கிளம்பியிருக்கின்றது. அதாவது, பூமிக்கும் தண்ணீருக்கும் துணி தைக்கும் தொழிலாளிக்கும் கேடு செய்யாத உடைகளையே மக்கள் வாங்க வேண்டும், அடிக்கடி வாங்கி அடிக்கடி எறியும் பழக்கம் ஒழிய வேண்டும் என்பதாகும். இதற்கு ‘சஸ்டெய்னபிள் பேஷன்’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். கொள்கை நல்ல கொள்கைதான். அதில் நமக்குச் சிறிதும் ஆட்சேபணை இல்லை. ஆனால் அதைச் சொல்லுகிறவர்கள் சொல்லும் மாதிரியையும், விற்கிறவர்கள் விற்கும் மாதிரியையும் பார்த்தால், அது பணக்காரர் வீட்டு அலமாரியைத் தாண்டிப் பாமர மக்களிடம் வந்து சேருமா என்பதுதான் நமது சந்தேகம்.

கேடு கற்பனையா என்றால், அல்லவே அல்ல. அதைக் காண வேறு தேசத்துக்குப் போக வேண்டியதில்லை. திருப்பூருக்குப் போனால் போதும். சாயப் பட்டறைகளின் கழிவுநீரால் நொய்யலாறு கெட்டு, விவசாயத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணீர்க் குட்டையாய்ப் போயிற்று. விவசாயிகள் வருஷக்கணக்காய் வழக்காடிய பின், 2011 ஜனவரியில் சென்னை ஹைகோர்ட்டார் அங்குள்ள சாய, சலவைப் பட்டறைகளையெல்லாம் மூடும்படி உத்தரவிட்டார்கள். வங்காள தேசத்தில் 2013 ஏப்ரல் 24ஆம் தேதி ராணா பிளாசா என்னும் கட்டடம் இடிந்து விழுந்து, மேல்நாட்டுக் கடைகளுக்குத் துணி தைத்த 1,100 பேருக்கு மேல் மாண்டார்கள். முந்தின நாளே சுவரில் வெடிப்பு கண்டிருந்தும் அவர்கள் வேலைக்குள் அனுப்பப்பட்டார்கள். இவற்றையெல்லாம் சேர்த்துத்தான் மலிவு விலை என்று கடையில் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

நமது கொங்கு நாட்டு நூல் மில்களில் ‘சுமங்கலித் திட்டம்’ என்று ஒன்று நடந்ததே, அதைத் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஏழைப் பெண்ணை மூன்று வருஷம் மில் விடுதியில் வைத்து வேலை வாங்கி, முடிவில் மொத்தமாய் ஒரு தொகை தருவதாகச் சொல்லி, அதைக் கொண்டு கல்யாணம் செய்துகொள் என்றார்கள். வரதட்சணைக் கொடுமையும் தாலிப் பெருமையும் முதலாளிக்கு எவ்வளவு தூரம் உதவியிருக்கின்றன பாருங்கள்!

நிற்க, இவ்வளவு கேடு இருந்தும் மக்கள் ஏன் நல்ல துணியின் பக்கம் திரும்பவில்லை? மக்களுக்குப் புத்தியில்லை, இரக்கமில்லை என்று சிலர் சொல்லுகிறார்கள். இது வீண்பழி. அந்தத் துணியை அவர்களுக்குக் காட்டிய விதமே தப்பு என்கிறோம்.

முன்பு கதருக்கு நேர்ந்த கதியை எண்ணிப் பாருங்கள். 1920களில் கதரைக் கட்டுவது தேசபக்தி, தியாகம், புண்ணியம் என்று பிரசாரம் செய்தார்கள். தோழர் ஈ.வெ.ரா. அவர்களே அன்று கதர் மூட்டையைத் தோளில் சுமந்து தெருத்தெருவாய் விற்றவர். பின்னால் அவரே, மில் துணியைவிட விலை அதிகமான ஒன்றை ஏழையின் தலையில் பக்தியின் பேரால் கட்டுவது அறிவாகாது என்று கண்டித்தார். கதர் கடைசியில் தலைவர்களின் சின்னமாயிற்றேயொழியக் குடியானவனின் கோவணமாகவில்லை. ஒரு சாமானுக்கு விலை, உழைப்பு, அழகு என்ற மூன்றையும் காட்டாமல் புண்ணியத்தை மாத்திரம் காட்டினால் நடப்பது இதுதான். இன்றைய பசுமைத் துணிக்காரர்களும் அதே பாதையில்தான் போகின்றார்கள்.

இதிலே புரட்டும் சேர்ந்துகொண்டது. பச்சை நிறத்தில் ஒரு இலையை அச்சிட்டு ஒட்டிவிட்டால் துணி பரிசுத்தமாகிவிடுகிறது! ஐரோப்பியக் கமிஷன் 2020இல் இப்படிப்பட்ட விளம்பரங்களைப் பரிசீலித்ததில், நூற்றுக்கு 53 தெளிவற்றவை, ஏமாற்றுபவை அல்லது ஆதாரமற்றவை என்று கண்டது. நெற்றியில் பட்டை போட்டவனெல்லாம் யோக்கியன் என்று நம்பி ஏமாந்த நாம், சட்டையில் பச்சைச் சீட்டு ஒட்டியவனையும் நம்பி ஏமாற வேண்டுமா?

இன்னொரு முக்கியமான விஷயம். 1930ஆம் வருஷத்தில் இராமநாதபுரம் ஜில்லாவில், ஆதிதிராவிட ஆண்கள் சட்டையோ பனியனோ போடக்கூடாது, முழங்காலுக்குக் கீழே துணி கட்டக்கூடாது, பெண்கள் மார்பை மறைக்கக்கூடாது என்று மேல்ஜாதிக்காரர்கள் தடை போட்டார்கள். அந்தப் பாட்டனுடைய பேரன் இன்று சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் புதுச்சட்டை ஒன்று போட்டால், அது அவனுக்கு வெறும் ஆடம்பரம் அல்ல. அது அவனுடைய மானம். பத்துத் தலைமுறையாய்ப் பட்டுடுத்தியவன் அவனைப் பார்த்து, ‘உடையைக் குறைத்துக்கொள், பழையதைக் கட்டு’ என்று உபதேசம் செய்தால் அவன் கேட்பானா? கேட்கத்தான் வேண்டுமா?

ஆகையால் உபதேசத்தை விட்டுவிட்டுக் கணக்கைக் காட்டுங்கள் என்கிறோம். 300 ரூபாய்ச் சட்டை 20 சலவையில் சாயம் போய்ச் சுருங்குகிறதென்று வைத்துக்கொள்ளுவோம். ஒரு சலவைக்கு விலை 15 ரூபாய் ஆகிறது. 900 ரூபாய்ச் சட்டை 100 சலவை தாங்குமானால் ஒரு சலவைக்கு 9 ரூபாய்தான். இந்தக் கணக்கு கூலிக்காரனுக்குத் தெரியாததல்ல. அவனிடம் ஒரே சமயத்தில் 900 ரூபாய் இல்லை, அந்தத் துணி 100 சலவை தாங்கும் என்பதற்கு உறுதியும் இல்லை. குறை இந்த இரண்டும்தான். கோ-ஆப்டெக்சில் சர்க்கார் உத்தியோகஸ்தருக்குத் தவணையில் துணி கொடுக்கும் வழக்கம் உண்டே, அந்தச் சௌகரியம் கூலிக்காரனுக்கு ஏன் கூடாது? எத்தனை சலவை தாங்கும், எந்த நூல், எங்கே சாயம் போட்டது என்று சோதித்துத் துணியிலேயே எழுத வேண்டுமென்று சட்டம் ஏன் வரக்கூடாது? பிரெஞ்சு தேசத்தில் கிழிந்த துணியைத் தைத்துச் சரிசெய்யும் கூலியில் ஒரு பகுதியைக் கழித்துக் கொடுக்கும் ஏற்பாடு 2023இல் வந்திருக்கின்றது. நமது தெருமுனைத் தையற்காரருக்கும் அப்படி ஒரு ஆதரவு கிடைத்தால், அவர் பிழைப்பும் நடக்கும், துணியும் பிழைக்கும்.

மக்கள் பக்கத்திலும் களைய வேண்டிய மூடத்தனம் இல்லாமல் இல்லை. ஆடியில் சுபகாரியம் கூடாதென்று யாரோ சொன்னதால் வியாபாரம் படுத்தது. படுத்த வியாபாரத்தை எழுப்பத் தள்ளுபடி வந்தது. இன்று தேவையில்லாததை வாங்கவே ஆடி வருகிறது. நரகாசுரன் செத்தானென்று தீபாவளிக்குக் கடன் வாங்கியாவது புதுத்துணி எடுக்கிறோம். ஒரு கல்யாணத்துக்குக் கட்டிய சேலையை மறு கல்யாணத்துக்குக் கட்டினால் கௌரவக் குறைச்சல் என்கிறோம். பிறர் உடுத்தியதைத் துவைத்து உடுத்தினால் தீட்டு, தரித்திரம் என்கிறோம். தீட்டு என்பது துணியிலா இருக்கிறது? அது மனுதர்மக்காரன் நம் மூளையில் ஒட்டிவிட்டுப் போன கறையல்லவா? சுயமரியாதைத் திருமணங்களில் சடங்கை விட்டவர்கள், ஒரே சேலையை மறுமுறை கட்டி வந்தால் குடி முழுகிவிடாது.

குறைவாக வாங்கினால் திருப்பூர்த் தொழிலாளி பட்டினி கிடப்பானே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் 2011இல் பட்டறைகள் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கானவர் வேலையிழந்தது ஆற்றைக் காப்பாற்றியதாலா, அல்லது அதுவரை காப்பாற்றாமல் விட்டதாலா? மலிவுத் துணியின் மலிவு முதலாளியின் லாபத்திலிருந்து வருவதில்லை. தொழிலாளியின் கூலியிலிருந்தும் ஆற்றிலிருந்தும்தான் வருகிறது. திண்டுக்கல்லில் பெண் தொழிலாளர்கள் சங்கமாய்ச் சேர்ந்து, வேலையிடத்துப் பாலியல் தொல்லைக்கு எதிராய் 2022இல் முதலாளியையும் அந்நிய நாட்டுக் கம்பெனிகளையும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைத்தார்கள். நல்ல துணிக்கு அடையாளம் என்றால் நாம் இதைத்தான் சொல்லுவோம். பச்சை இலையை அச்சிடுவதற்குப் பதில், தைத்தவளுக்கு என்ன கூலி, அவளுக்குச் சங்கம் உண்டா என்று அச்சிடட்டும்.

ஆகவே தோழர்களே, அடுத்த முறை ஜவுளிக் கடைக்குப் போனால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இது எத்தனை நாள் உழைக்கும்? சாயக் கழிவு எங்கே போயிற்று? தைத்தவருக்கு என்ன கூலி? கடைக்காரர் விழிப்பார். விழிக்கட்டும். ஆயிரம் பேர் கேட்டால் அவர் தம் முதலாளியைக் கேட்பார். விலையும் தரமும் நியாயமாய் இருந்தால் நமது மக்கள் நல்ல துணியை வேண்டாமென்று சொல்ல மாட்டார்கள்.