இரண்டு வாரப் பயணமும் ஒரு முதலீடே

பிள்ளையை வெளிநாட்டில் படிப்பிப்பதென்றால் எமது வர்த்தகர்கள் மூன்று, நான்கு வருடச் செலவையே கணக்கிடுகிறார்கள். கட்டுப்படியாகாதபோது அந்த எண்ணத்தையே கைவிடுகிறார்கள். விடுமுறையில் இரண்டு வாரக் கல்விப் பயணம் அனுப்புவதைப் பற்றியும் யோசிக்க வேண்டும் என்பது எனது கருத்து.

இரத்தினக்கல் வியாபாரத்தையே எடுத்துக்கொள்வோம். 1970களில் பால்நிறக் கியூடாக் கற்களைப் பெறுமதியற்றவை என்று நாம் மலிவாக விற்றோம். தாய்லாந்து வியாபாரிகள் அவற்றைச் சூடேற்றி நீலக்கற்களாக்கி இலாபம் கண்டனர். கல் எமது, அறிவு அவர்களுடையது.

இன்று பேங்கொக்கில் சில நாட்களில் முடியும் இரத்தினக்கல் பாடநெறிகள் உள்ளன. அதே பயணத்தில் கிழக்குத் தாய்லாந்தின் சந்தபுரி நகரிலுள்ள வார இறுதிக் கல் சந்தையையும் பார்க்கலாம். பேருவளை, இரத்தினபுரி வர்த்தகர்கள் சேர்ந்து பத்து மாணவர்களை ஒன்றாக அனுப்பினால் தங்குமிடம், வாகனச் செலவு பங்காகும். வசதி குறைந்த பிள்ளையின் பங்கை மற்றவர்கள் ஏற்கலாம்.

ஒரு நிபந்தனை அவசியம். இது கடைத்தெரு சுற்றும் உல்லாசப் பயணமாகிவிடக் கூடாது. திரும்பி வருபவர் கற்றதை ஊர் வியாபாரிகளுக்கு விளக்க வேண்டும். அப்போது ஒரு பிள்ளையின் பயணம் ஊருக்கே மூலதனமாகும், இன்ஷா அல்லாஹ்.