கோபத்துக்குக் கண் உண்டு

"தட்டைத்தானே எறிஞ்சான்? உன் மேல கை வச்சானா?"

தரங்கம்பாடியானாலும் பக்கத்துப் பொறையாறானாலும், அழுதுகொண்டு தாய்வீட்டுக்கு வரும் பெண்ணிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவள் பெரும்பாலும் பெற்றவளே. இல்லை என்றதும் வழக்கு முடிந்துவிடும். "கோபம் கண்ணை மறைச்சிருக்கும், அனுசரிச்சுப் போ."

மறைக்குமா? உடைந்த சாமான்களைக் கணக்கெடுங்கள். சோற்றுத் தட்டு, மிக்ஸி, அவள் சீராகக் கொண்டுவந்த பீரோவின் கண்ணாடி. அவன் செல்போன் உடைவதில்லை. பைக்கில் கீறல் விழுவதில்லை. கடலுக்குப் போகிறவன் ஆத்திரத்தில் தன் வலையை அறுத்தான், படகு இன்ஜினை நொறுக்கினான் என்று நான் கேள்விப்பட்டதில்லை. மீன் வியாபாரியிடம் கோபம் வந்தால் பல்லைக் கடித்துக்கொள்கிறான். எதை உடைக்கலாம், யார் முன்னால் உடைக்கலாம் என்று இவ்வளவு தெரிந்த கோபமா குருடு?

சுவரில் குத்துகிறவனுக்குச் சுவரோடு என்ன பகை? பக்கத்தில் நிற்பவளுக்குக் கையின் பலத்தைக் காட்டுகிறான். பிறகு அவன் அடிக்கவே வேண்டியதில்லை. குரல் உயர்ந்தாலே அவள் வாய் மூடிக்கொள்ளும். பிள்ளைகள் புத்தகத்தோடு திண்ணைக்கு ஒதுங்கிவிடுவார்கள்.

2006 அக்டோபர் 26-இல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைச் சட்டம் உடம்புக் காயத்தோடு நிற்கவில்லை. 3-ஆம் பிரிவு மனநலத்துக்கு வரும் கேட்டையும் மிரட்டலையும் வன்முறை என்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2005-இல் வெளியிட்ட பன்னாட்டு ஆய்வில், கத்தியோ பொருள்களை உடைத்தோ வேண்டுமென்றே பயமுறுத்தினாரா என்றே பெண்களிடம் கேட்டார்கள். நம் தேசியக் குடும்பநல ஆய்வு, மிரட்டினாரா, உங்கள் மேல் எதையாவது எறிந்தாரா என்று கேட்கிறது. சுவரில் எறிந்ததற்கு அதில் தனிக் கேள்வி இல்லை. அம்மா விட்ட இடத்தில் அரசும் விட்டுவிடுகிறது.

ஆளில்லாத அறையில் ஒருநாள் டம்ளரை வீசியவனை நான் குற்றவாளி என்று சொல்லவில்லை. மறுநாள் அவள் அவனை மறுத்து ஒரு வார்த்தை பேச முடிகிறதா என்பதுதான் உரைகல். முடியவில்லை என்றால், தொடாமலே அடித்திருக்கிறான்.

ஆகவே, வாசலில் வந்து நிற்கும் மகளிடம் கேள்வியை மாற்றுங்கள்: "உடைஞ்சது யாரோட சாமான்? அப்ப நீ எங்கே நின்னே?" பதில் வந்தபின் பெண்கள் உதவி எண்ணான 181-ஐ அழைப்பதா என்று அவளே சொல்லட்டும்.