நோய் கிணற்றடியில் இல்லை

நூறு குடும்பத்துக்கு ஒரு கிணறு, வரிசையில் நின்று போகும் மலசலகூடம், ஓலைக் கொட்டிலுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுக் கற்பிட்டி, ஆலங்குடா, தில்லையடிப் பக்கங்களில் வந்திறங்கியவர்கள் இந்த வாழ்வை மறந்திருக்க மாட்டார்கள். வயிற்றோட்டமும் சொறியும் கண்நோயும் அந்த நெருக்கத்தில்தான் வீட்டுக்கு வீடு தாவின. அதனாலோ என்னவோ, பாலியல் நோய்களும் அதே வழியாகவே வரும் என்ற எண்ணம் எம்மில் பலரிடம் இன்றும் இருக்கிறது. இந்தத் தவறான எண்ணம் இரண்டு விதத்தில் கேடு செய்கிறது. குற்றமற்றவர்களை ஒதுக்கிவைக்கச் செய்கிறது. உண்மையான ஆபத்து வீட்டுக்குள் நுழையும் வாசலைக் காணாமல் செய்கிறது.

முதலாவது கேட்டுக்கு எமது வடமேல் மாகாணமே சாட்சி. 2016 ஆம் ஆண்டு குளியாப்பிட்டியில், தகப்பன் எயிட்ஸ் நோயால் இறந்தார் என்ற வதந்தியின் பேரில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவனைப் பாடசாலையில் இருக்க விடவில்லை. அவன் வந்தால் தங்கள் பிள்ளைகளை அனுப்பமாட்டோம் என்று பெற்றோர் நின்றார்கள். அந்தச் சிறுவனுக்கு எச்.ஐ.வி. தொற்று இருக்கவில்லை. இருந்திருந்தாலும் ஒரே வாங்கில் இருப்பதால் அது எவருக்கும் தொற்றாது. கடைசியில் கண்டியிலுள்ள ஒரு கல்லூரி அவனைச் சேர்த்துக்கொண்டது. எச்.ஐ.வி.யைக் காரணங்காட்டி எந்தப் பிள்ளைக்கும் கல்வியை மறுக்க முடியாது என்பதை அதே ஆண்டு உயர் நீதிமன்றமும் தெளிவாக்கியது.

ஆகவே முதலில் இதை மனதில் பதிப்போம். ஒரே கோப்பையில் தேநீர் குடிப்பதாலோ, ஒரே சட்டியில் உண்பதாலோ, கிணற்று நீராலோ, மலசலகூடத்தாலோ, நுளம்புக் கடியாலோ எச்.ஐ.வி. தொற்றாது. சிபிலிஸ் என்ற மேகநோயும் கொனோரியா என்ற வெட்டைநோயும் பெரியவர்களிடையே பரவுவது உடலுறவினால்தான். எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் நோயுள்ளவரின் இரத்தத்தாலும், தாயிடமிருந்து பிள்ளைக்கும் தொற்றலாம். வீட்டில் கவனிக்க வேண்டிய பொருள் ஒன்று உண்டு. அது சவர பிளேட். ஒருவருடைய பிளேட்டை மற்றவர் பாவித்தால் ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி தொற்றக்கூடும். அதற்கெதிரான தடுப்பூசி 2003 முதல் எமது குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டு வருகிறது.

இனி அந்த வாசலுக்கு வருவோம். சொந்த வயலில் வேலை செய்த மனிதன் அந்தியில் வீடு திரும்புவான். காணியை இழந்தபின் அவனே மீன்வாடிக்கும், லொறிக்கும், கொழும்பில் மேசன் வேலைக்கும் போக வேண்டியதாயிற்று. வாரக்கணக்காக வீட்டைப் பிரிந்திருக்கும் எல்லோரும் தவறுவதில்லை. ஆனால் ஒருவன் தவறினால், அதன் விலையை அறியாமல் கொடுப்பவள் வீட்டிலிருக்கும் மனைவி.

வெட்டைநோய் தொற்றிய ஆணுக்குப் பெரும்பாலும் சில நாட்களிலேயே சலம் கழிக்கும்போது எரிவும் சீழும் காணும். அவன் இரகசியமாக எங்காவது குளிசை வாங்கி விழுங்குகிறான். ஆனால் அதே நோய் தொற்றிய பெண்கள் பலருக்கு எந்த அறிகுறியும் தெரிவதில்லை. உள்ளே அது கருக்குழாயைப் பாதித்து, அவளை மலடாக்கவும் கூடும். கணவன் மட்டும் மருந்தெடுத்தால் சில நாட்களில் மனைவியிடமிருந்து அவனுக்கே நோய் திரும்பி வரும். சிபிலிஸ் இன்னும் தந்திரமானது. முதலில் வரும் புண் வலிக்காது. மருந்தில்லாமலே ஆறியும் விடும். ஆறிவிட்டது என்று அவன் நிம்மதி கொள்ளும்போது நோய் உடலுக்குள் இருக்கிறது. மனைவி கர்ப்பிணியானால் கரு சிதையலாம், பிள்ளை இறந்தே பிறக்கலாம். இத்தனைக்கும் பென்சிலின் ஊசியால் குணமாகும் நோய் இது.

இந்த இடத்தில் எமது ஊர் வழக்கம் ஒன்றைக் கண்டிக்காமல் இருக்க முடியாது. நோய் தெரியவந்ததும் பழி பெண்மேல் விழுகிறது. அவள் வெளிநாட்டில் வேலைசெய்து திரும்பியவளென்றால் கேட்கவே வேண்டாம். கணவன் எங்கே போனான், என்ன செய்தான் என்று ஒருவரும் கேட்பதில்லை. இந்தப் பழிக்குப் பயந்து பெண்கள் வாய் திறவாதிருக்கும் வரையில் நோயும் வீட்டிலேயே இருக்கும்.

இன்னொன்றையும் கசப்பானாலும் சொல்லத்தான் வேண்டும். சிறு பிள்ளைக்கு இத்தகைய நோய் கண்டால், “மலசலகூடத்தில் தொற்றியது” என்று சொல்லி மூடிவிடக் கூடாது. பிறப்பின்போது தாயிடமிருந்து வந்திருக்கலாம். அப்படியில்லையென்றால் யாரோ அந்தப் பிள்ளையைத் துன்புறுத்தியிருக்கிறார்களோ என்று ஆராய்வது பெரியவர்களின் கடமை. பிள்ளையை உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கு 1929 என்ற இலக்கத்தில் அறிவிக்கலாம்.

செய்யவேண்டியது கடினமானதல்ல. அரசாங்கத்தின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். வேறு வைத்தியரின் கடிதம் தேவையில்லை. விபரம் வெளியே போகாது. சிலாபம் வைத்தியசாலையில் அத்தகைய நிலையம் உண்டு. உங்களுக்குக் கிட்டியது எதுவென்று எம்.ஓ.எச். காரியாலயத்தில் கேட்டறியலாம். போகும்போது கணவனும் மனைவியும் சேர்ந்தே போங்கள். இருவருக்கும் சிகிச்சை முடியும்வரை உறவைத் தவிருங்கள். ஐயம் உள்ளவர் ஆணுறை பாவிப்பது மனைவிக்குச் செய்யும் குறைந்தபட்ச நீதி. எச்.ஐ.வி.யை முற்றாக நீக்க இன்னும் மருந்தில்லை. ஆனால் குளிசைகளை ஒழுங்காக எடுப்பவர் நீண்டகாலம் வாழலாம். இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அந்நிலை நீடித்தால், உடலுறவினால் துணைக்கும் தொற்றாது.

முயன்றால் முடியும் என்பதற்கும் சான்று உண்டு. கர்ப்பிணித் தாய்மாரின் இரத்தத்தைப் பரிசோதித்து, உரிய நேரத்தில் மருந்து கொடுத்ததால், தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்த நாடாக இலங்கையை உலக சுகாதார நிறுவனம் 2019 டிசம்பரில் ஏற்றுக்கொண்டது. ஊர் ஊராகச் சென்ற மருத்துவமாதுகளும், வெட்கத்தை விட்டு இரத்தம் கொடுத்த தாய்மாரும் சேர்ந்து ஈட்டிய வெற்றி இது. தாய்மார் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். இனித் தகப்பன்மாரும் பரிசோதனைக்குத் தங்கள் கையை நீட்டட்டும்.