முழங்காலின் தேதி

'எப்படி இருக்கிறீர்கள்?' என்று கேட்டால், ஜனக்புரி பூங்காவில் நடக்க வரும் ஓய்வுபெற்ற வேலூர் சுபேதார், 'ஷேப் ஒன்!' என்பார். மனநலம், செவி, கை கால், உடல்திறன், கண் ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகள்தான் இந்த ஷேப். ராணுவ மருத்துவர்கள் ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை எண் போடுவார்கள். எல்லாம் 1 என்றால் எந்த எல்லைக்கும் அனுப்பலாம். எண் கூடினால் பணி சுருங்கும். 5 என்றால் வீடுதான்.

பெண் அதிகாரிகளுக்கும் நிரந்தரப் பணி தரவேண்டும் என்று 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதும், ராணுவம் அவர்களிடம் ஷேப் ஒன் கேட்டது. ஆண்களுக்கு இந்தச் சோதனை பணியின் 5-வது அல்லது 10-வது ஆண்டில், இளம் வயதில். பின்னால் மூட்டு தேய்ந்தாலும் வேலை போகாது. பெண்களுக்கோ உரிய காலத்தில் கதவைச் சாத்திவிட்டு, நாற்பது வயதுக்கு மேல் அதே அளவுகோல். (ரத்த அழுத்தம் சொல்லிக்கொண்டா வருகிறது?) நிதிஷா வழக்கில் 2021 மார்ச் 25-ல் நீதிபதி சந்திரசூட் அமர்வு இதை ஏற்கவில்லை. அந்த 5-வது அல்லது 10-வது ஆண்டில் உடல்நிலை எப்படி இருந்ததோ, அதைப் பாருங்கள் என்றது.

சுபேதாரிடம் சொன்னேன். முழங்காலைத் தடவிக்கொண்டார். 'எனக்கும் பழைய தேதி போட்டுத் தருவார்களா, சார்?'