பங்குதாரரின் பொறுமை

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளி சூளை ஆறுமுன் அதன் வாயைத் திறப்பதில்லை; திறந்தால் பாண்டம் வெடிக்குமென்பதை அவன் அறிவான். சிறு கம்பெனியில் முதல் போட்ட நம்மவர் பலருக்கோ இப்பொறுமை இல்லை. கைமாறும் பங்குகள் சொற்பமாகையால், நாலு பேர் விற்றால் விலை சரிகிறது. நாலு பேர் வாங்கினால் ஏறுகிறது. அதைக் கண்டு தொழிலே நசித்ததென்றோ செழித்ததென்றோ மயங்குதல் பேதைமை.

இப்பொறுமைக்கு நேர்ந்த பெருஞ் சோதனையைத் தமிழ்நாடு மறந்திராது. 1906ல் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் ஸ்வதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்தார். மூலதனம் 10 லக்ஷம். பங்கு ஒன்று 25 ரூபாய். எதிர்த்த பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தை மேன்மேலும் குறைத்தது. 1908ல் பிள்ளையவர்கள் சிறை புகுந்தார். 1911ல் கம்பெனி கலைக்கப்பட்டது. பெரிய முதலாளி நஷ்டத்தைத் தாங்கிக் காத்திருப்பான். சிறு பங்குதாரர் கலைந்தால் அவனுக்கே ஜயம்.

ஆயினும் பொறுமை வேறு, குருட்டு நம்பிக்கை வேறு. பங்குதாரர் வருஷக் கணக்கைக் கேட்கவேண்டும், பொதுக்கூட்டத்திற்குச் செல்லவேண்டும், கடனையும் விற்பனையையும் விசாரிக்கவேண்டும். கணக்கு சுத்தமாயும் தொழில் உயிருடனும் இருந்தால், விலை ஆடினும் பங்கை விடவேண்டாம். கணக்கை மறைப்பாராயின், விலை ஏறும் நாளிலேயே விலகுதல் நலம்.