செல்போன் கட்டணம்: குறைவாகப் பேசுவோர் கதி என்ன?

கட்டணம் வசூலிக்கும் முறை மாறினால் மக்களின் பழக்கமும் மாறுகிறது. நம் நாட்டின் செல்போன் சேவையே இதற்குச் சான்று.

1995ல் செல்போன் வந்தபோது நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை கட்டணம். வருகிற அழைப்புக்கும் பணம் கட்ட வேண்டியிருந்தது. 2003ல் வருகிற அழைப்பு இலவசமாயிற்று. உடனே 'மிஸ்டு கால்' நாடெங்கும் பரவியது. மணி ஒருமுறை அடித்ததும் துண்டித்து விட்டால், "வந்து சேர்ந்து விட்டேன்" என்ற செய்தி காசில்லாமல் ஊருக்குப் போய் விடும். வெளிமாநிலத்தில் பிழைக்கும் தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மீட்டர் ஓடியவரை எல்லோரும் அளந்தே பேசினார்கள்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்ததும் நிலைமை தலைகீழாயிற்று. பேச்சுக்குத் தனிக் கட்டணம் போயிற்று. நாளொன்றுக்கு இத்தனை ஜி.பி. டேட்டா, 28 நாளுக்கு மொத்தமாக ஒரு தொகை என்பது வழக்கமாயிற்று. அன்றைய டேட்டாவை அன்றே தீர்க்காவிட்டால் நள்ளிரவில் அது போய் விடும். கொடுத்த காசு வீணாகக் கூடாதென்று தூக்கத்தை விட்டுப் படம் பார்ப்பவர்கள் உண்டு. 2014ல் ஒருவரின் சராசரி மாத உபயோகம் 1 ஜி.பி. கூட இல்லை, 2024ல் அது 20 ஜி.பி.யைத் தாண்டியது.

யார் தலையில் சுமை?

ஓட்டலில் அளவுச் சாப்பாடும் உண்டு, முழுச் சாப்பாடும் உண்டு. அளவுச் சாப்பாட்டை எடுத்து விட்டால், கொஞ்சமாகச் சாப்பிடுகிறவர் நிறையச் சாப்பிடுகிறவருக்கும் சேர்த்துப் பணம் கொடுக்க வேண்டியதுதான். செல்போனில் நடந்திருப்பது இதுவே. ஊரில் பட்டன் போன் வைத்திருக்கும் தாயாருக்கு டேட்டா எதற்கு? ஆயினும் டேட்டா சேர்ந்த திட்டத்தையே வாங்க நேர்ந்தது. 28 நாள் கணக்கென்பதால் வருடத்துக்கு 12 அல்ல, 13 முறை பணம் கட்ட வேண்டும்.

2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்தின. 239 ரூபாயாக இருந்த ஜியோ திட்டம் 299 ரூபாயாயிற்று. அடுத்த மாதங்களில் அந்நிறுவனங்கள் வாடிக்கையாளர்களை இழந்தன; பி.எஸ்.என்.எல்.லில் புதிதாகப் பலர் சேர்ந்தனர். டேட்டாவைத் தாராளமாகச் செலவிடுகிறவர்களும் திட்டத்தின் விலையைக் கணக்குப் பார்க்கிறார்கள் என்பதை இது காட்டிற்று.

2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், பேச்சுக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் மட்டுமான திட்டம் ஒன்றாவது இருக்க வேண்டுமென்று விதித்தது. நல்ல விதிதான். ஆனால் விலையை நிர்ணயிப்பது நிறுவனங்களே. 2025 ஜனவரியில் அவை அறிவித்தவை 84 நாள், ஒரு வருடம் என்ற நீண்டகாலத் திட்டங்கள். நூற்றுக்கணக்கில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டும் தொகையை ஒரே தடவையில் கட்ட வேண்டியிருந்தது. தினக்கூலி பெறுகிறவரால் இது எளிதில் முடியாது.

பழைய மீட்டருக்கே திரும்ப வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை. முழுச் சாப்பாடு வேண்டியவருக்கு அது இருக்கட்டும். மாதத்துக்கு நாலு முறை மகனோடு பேசுகிற தாயாருக்கு ஒரு மாத அளவுச் சாப்பாடும் வேண்டும். ஆணையம் அடுத்துக் கவனிக்க வேண்டியது இதையே.